பென்சிலின் வந்த கதை



கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டால் காம்பு வழியாக டியூப் மருந்து ஏற்றுவதும், சதையில் ஊசி போடுவதும் இன்றைக்கு எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். அந்த மருந்து பல சமயம் பென்சிலினாக இருக்கும், இல்லாவிட்டால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றாக இருக்கும். நான் கலந்துகொள்ளும் விவசாயிகள் கூட்டங்களில் இதைப் பற்றி மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

கிருமியைக் கொல்லுகிற மருந்து மாட்டை ஏன் கொல்வதில்லை? இது முதல் கேள்வி. மாட்டுக்கே ஒன்றும் செய்யாத மருந்து, பாலில் கொஞ்சம் கலந்தால் மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்? இது இரண்டாவது. போன தடவை நன்றாகக் கேட்ட மருந்து இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை? இது மூன்றாவது.

மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றுக்கும் விடை அந்த மருந்து பிறந்து வளர்ந்த கதையிலேயே இருக்கிறது. நான் மாட்டு டாக்டர் இல்லை. இன்ன மருந்தை இவ்வளவு போடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கதையைச் சொல்லலாம் அல்லவா? அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டில் ஏர்ஷயர் என்று ஒரு பகுதி உண்டு. அந்தப் பெயரிலேயே பேர்போன கறவை மாட்டு இனம் ஒன்று இருக்கிறது. அந்தச் சீமையில் ஒரு பண்ணை வீட்டில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். விவசாயி மகன். படித்து டாக்டராகி, லண்டனில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் கிருமிகளை ஆராயும் வேலையில் சேர்ந்தார்.

முதல் உலகப் போர் நடந்தபோது, காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்யும் இடத்தில் அவர் இருந்தார். அந்தக் காலத்தில் புண்ணைக் கழுவக் காரமான கிருமிநாசினிகளை ஊற்றுவார்கள். அவை ஆழமான புண்ணில் ஒளிந்திருக்கும் கிருமிகளைக் கொல்வதைவிட, கிருமியோடு சண்டை போடுகிற நம் ரத்தத்து வெள்ளை அணுக்களைத்தான் அதிகமாகக் கொல்லுகின்றன என்று ஃபிளெமிங் கண்டுபிடித்தார். களையைக் கொல்லப்போய்ப் பயிரைக் கருக்கிய கதைதான். அன்றிலிருந்து, களையை மட்டும் கொன்று பயிரை விட்டுவைக்கும் மருந்து கிடைக்காதா என்ற எண்ணம் அவர் மனதில் ஊறிக்கொண்டே இருந்தது.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். விடுமுறைக்குப் போய்த் திரும்பிய ஃபிளெமிங், தாம் கிருமி வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பழைய ரொட்டியிலும் ஊறுகாய்ச் சாடியிலும் பூக்குமே, அதே ஜாதிதான். வேறு யாராக இருந்தாலும் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். இவர் உற்றுப் பார்த்தார். பூஞ்சணத்தைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இடம் விட்டு, அங்கே இருந்த கிருமிகள் கரைந்து போயிருந்தன. அவை ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிகள். மனிதனுக்குச் சீழ்க்கட்டியும், மாட்டுக்கு மடிநோயும் தருகிற இனம்.

பூஞ்சணத்திலிருந்து வடிந்த சாற்றுக்கு 1929-இல் பென்சிலின் என்று பெயர் வைத்தார். அந்தச் சாற்றை ஒரு முயலுக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை அணுக்களோடு கலந்து பார்த்தார். அவற்றுக்கும் கெடுதல் இல்லை. ஆக, இந்த மருந்து குணமாக்குமா என்று தெரிவதற்கு முன்பே, இது சாதுவான மருந்து என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சாற்றிலிருந்து மருந்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. பிரித்தால் கெட்டுப்போயிற்று. விஷயம் அப்படியே கிடப்பில் போனது.

எட்டு எலிகள்

பத்து வருஷம் கழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இதைக் கையில் எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹோவர்ட் ஃபுளோரி தலைவர். ஜெர்மனியிலிருந்து ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி வந்த யூதரான எர்ன்ஸ்ட் செயின், ரசாயனம் பார்த்தவர். நார்மன் ஹீட்லி என்பவர், கையில் கிடைத்ததை வைத்துக் கருவி செய்வதில் மகா கெட்டிக்காரர்.

1940-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்குக் கொல்லக்கூடிய அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். அவற்றில் நான்குக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். மற்ற நான்கையும் அப்படியே விட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மருந்து கொடுக்காத நான்கும் செத்துவிட்டன. மருந்து கொடுத்த நான்கும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. நாமும் நம் வயலில் புது உரத்தைச் சோதிக்கும்போது, பாதிக்குப் போட்டுப் பாதிக்குப் போடாமல் விட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

எலிக்குப் போதும், மனிதனுக்கு எங்கே போவது? அது போர்க்காலம். பாத்திரம் பண்டம் கிடைக்காது. பூஞ்சணத்தை அகலமான தட்டுகளில்தான் வளர்க்க வேண்டும். ஹீட்லி மருத்துவமனையில் நோயாளிகள் படுக்கையில் வைக்கும் மலத் தட்டுகளைக் கொண்டுவந்தார். குளிக்கும் தொட்டியையும், பால் ஊற்றும் கேன்களையும்கூட விடவில்லை. உலகத்தின் பெரிய மருந்து ஒன்று இப்படித்தான் தட்டுமுட்டுச் சாமான்களில் வளர்ந்தது.

1941 பிப்ரவரி 12-ஆம் தேதி, ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுப் போலீஸ்காரருக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, சாகக் கிடந்தவர். மருந்து ஏறியதும் ஒரே நாளில் தேறத் தொடங்கினார். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால் சில நாளில் கையிருப்பு மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய மூத்திரத்தில் வெளியேறிய மருந்தைக்கூடப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. அடியோடு ஒழியாத கிருமி மறுபடி தலைதூக்கியது. மார்ச் 15-ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பலிக்காமல் அவர் சாகவில்லை. வைத்தியம் பாதியில் நின்றதால் செத்தார். அவருக்குக் கொடுக்க மருந்து இல்லை. நமக்கோ மருந்து இருக்கிறது. இருந்தும் மாடு கொஞ்சம் தேறியதும் பாதியில் நிறுத்துகிறோம்.

மக்காச்சோளத் தண்ணீரும் முலாம்பழமும்

இங்கிலாந்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 1941 ஜூலையில் ஃபுளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது மருந்துக் கம்பெனியோ பெரிய ஆஸ்பத்திரியோ அல்ல. இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் இருந்த விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடம்தான் அது. அந்தச் சீமை முழுக்க மக்காச்சோளம். மாவு எடுக்க மக்காச்சோளத்தை ஊறவைத்த கழிவுத் தண்ணீரை என்ன செய்வதென்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் பூஞ்சணத்தை வளர்த்தால் பென்சிலின் பல மடங்கு அதிகமாகச் சுரந்தது.

அடுத்து, நல்ல ரகப் பூஞ்சணம் தேடினார்கள். நாம் விதைத் தேர்வு செய்வதில்லையா? அதே வேலை. ஊர் ஊராக மண்ணை வரவழைத்துச் சோதித்தார்கள். கடைசியில் 1943-இல் அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த ஓர் அழுகிய முலாம்பழத்தில்தான் மிக அதிகமாக மருந்து சுரக்கும் பூஞ்சணம் அகப்பட்டது. பெரிய தொட்டிகளில் காற்றை ஊதி, கலக்கி, அதை வளர்த்தார்கள். 1943-இல் ஒரு லட்சம் யூனிட் மருந்தின் விலை 20 டாலர். 1946-இல் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அப்படி விலை சரிந்ததால்தான் சிப்பாய்க்கு மட்டும் கிடைத்த மருந்து கறவை மாட்டுக்கும் எட்டியது.

1945-இல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் நாட்டில் புனே நகரத்துக்குப் பக்கத்தில் பிம்ப்ரி என்ற இடத்தில், உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கைகொடுக்க, இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை 1954-இல் உருவானது. அடுத்த வருஷமே அங்கே பென்சிலின் உற்பத்தி தொடங்கியது.

டயரும் டியூபும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கிருமி சாகிறது, மாடு சாகவில்லை. எப்படி?

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டியூப், வெளியே டயர். டியூபில் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறோம். அது வெடிக்காமல் தாங்கிப் பிடிப்பது டயர். டயரில் ஓர் இடம் கிழிந்தால் என்ன ஆகும்? டியூப் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டு வெளியே வரும். டமார் என்று வெடிக்கும்.

பாக்டீரியா என்னும் கிருமியும் அப்படித்தான். அதன் உள்ளே உப்பும் சத்தும் செறிவாக இருக்கின்றன. ஊறப்போட்ட உளுந்து தண்ணீரை இழுத்து உப்புகிற மாதிரி, அது வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வெடிக்காமல் இருக்க, தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான சுவரைப் பின்னி வைத்திருக்கிறது. அதுதான் அதன் டயர். கிருமி வளரும்போது, ஒன்று இரண்டாகும்போது, இந்தச் சுவரை அங்கங்கே பிரித்து மறுபடி தைக்க வேண்டும். தைப்பதற்கென்றே அதனிடம் நொதிகள் இருக்கின்றன. தையல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பென்சிலின் பார்ப்பதற்கு அந்தத் தையல்காரர் கையாளும் நூல் முனையைப் போலவே இருக்கும். அவர் ஏமாந்து அதைப் பிடிப்பார். பிடித்த கையை விட முடியாது. பூட்டுக்குள் உடைந்துபோன சாவி மாதிரி அங்கேயே சிக்கிக்கொள்ளும். தையல் நின்றுபோகும். ஆனால் பிரிக்கிற வேலை நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் சுவர் இற்று, தண்ணீர் புகுந்து, கிருமி வெடித்துச் சாகும். இந்த நுட்பம் 1965-ஆம் ஆண்டுவாக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் மருந்து இருபது வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்துவிட்டது.

மாட்டின் உடம்பில் உள்ள அணுக்களுக்கு இந்த மாதிரிச் சுவரே கிடையாது. ரத்தமும் மற்ற நீரும் அளவான உப்போடு அவற்றைச் சூழ்ந்திருப்பதால் அவற்றுக்கு டயர் தேவையில்லை. டயரே இல்லாத இடத்தில் டயரைக் கிழிக்கும் மருந்து என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மாட்டைப் பென்சிலின் கொல்லாததன் ரகசியம் இவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னும் இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, வளர்ந்துகொண்டிருக்கிற கிருமியைத்தான் பென்சிலின் கொல்லும். தூங்கிக் கிடக்கும் கிருமி தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் சொன்ன நாள் முழுவதும் மருந்து போட வேண்டும் என்கிறார்கள். இரண்டு, எல்லாக் கிருமிக்கும் பென்சிலின் மருந்து ஆகாது. சாணத்தில் இருந்து மடிக்கு ஏறுகிற ஈ-கோலி போன்ற கிருமிகளுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு போர்வை உண்டு. சாதாரணப் பென்சிலின் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். பார்வைக்கு இரண்டும் மடிவீக்கம்தான். ஆனால் கிருமி வேறு, மருந்து வேறு. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட மருந்து நம் மாட்டுக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

கினிப் பன்றி சொன்ன பாடம்

சாதுவான மருந்து என்றால் எல்லா ஜீவனுக்கும் சாதுவா? இல்லை. 1943-இல் அமெரிக்காவில் கினிப் பன்றிகளுக்குப் பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெயரில்தான் பன்றி. பார்ப்பதற்கு எலிக்கும் முயலுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பிராணி. எலிக்கு அமிர்தமாக இருந்த மருந்து இதைக் கொன்றுவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் முதல் சோதனையை எலியில் செய்யாமல் கினிப் பன்றியில் செய்திருந்தால், இது கொடிய விஷம் என்று ஒதுக்கியே இருப்பார்கள்.

ஏன் செத்தது? அதன் அணுக்களுக்கும் சுவர் கிடையாதே? மருந்து அதன் அணுக்களை ஒன்றும் செய்யவில்லை. தழை தின்னும் அந்தப் பிராணியின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவைதான் தீனியைச் செரிக்க உதவுகின்றன, கெட்ட கிருமியை அண்டவிடாமல் காவலும் காக்கின்றன. பென்சிலின் அந்தக் காவல்காரர்களைக் கொன்றுவிட்டது. ஆளில்லாத வீட்டில் திருடன் புகுந்த மாதிரி, மருந்துக்கு அடங்காத விஷக் கிருமி குடலில் பெருகி உயிரை வாங்கியது.

இது நமக்கும் பாடம். முயல் வளர்ப்பவர்கள், மாட்டுக்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் முயலுக்கும் வாயில் கொடுக்கலாம் என்று நினைக்கவே கூடாது. முயலின் குடலும் அதே ஜாதி. ஆடு மாடுகளின் பெரிய வயிறும் ஒரு பாக்டீரியாப் பண்ணைதான். வைக்கோலையும் தட்டையையும் பாலாக மாற்றுவது அந்தப் பண்ணை. வளர்ந்த மாட்டுக்கு இப்படிப்பட்ட மருந்தைத் தூளாகக் கரைத்து வாய்வழி கொடுத்தால், அசைபோடுவது நின்று, தீனி எடுக்காமல் போகும்.

ஊசியிலும் எச்சரிக்கை உண்டு. பாலைப் போல வெள்ளையாக இருக்கும் புரோகெய்ன் பென்சிலினைச் சதையில்தான் போட வேண்டும். தவறி ரத்தக்குழாயில் ஏறினால் மிருகம் வெறிபிடித்தது போல் துள்ளும், விழும். குதிரைக்கு இது மிகவும் ஆபத்து. எப்போதாவது ஒரு மாட்டுக்கு மருந்து ஒவ்வாமல், ஊசி போட்ட சில நிமிஷத்திலேயே உடம்பு தடித்து, மூச்சு வாங்குவதும் உண்டு. அதற்கு மாற்று மருந்தைக் கையில் வைத்திருப்பவர் டாக்டர்தான். மருந்துக்கடையில் வாங்கி நாமே குத்திக்கொள்வது என்ற பழக்கம் இதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

மடிக்கு வந்த மருந்து

பென்சிலினுக்குக் கொஞ்சம் முன்னால், 1939-இல், ரெனே டுபோ என்பவர் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து டைரோத்ரிசின் என்ற மருந்தை எடுத்தார். மடிநோய்க்கு அதைக் காம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். கிருமியைக் கொன்றது. ஆனால் ரத்தத்தில் கலந்தால் சிவப்பு அணுக்களையும் உடைத்துவிடும். அதனால் அதை ஊசியாகப் போட முடியவில்லை. பென்சிலினின் அருமை இதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து, அமெரிக்கப் பண்ணைகளில் மடிநோயைப் பெரும்பாலும் உண்டாக்கிய கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. அகலாக்டியே என்றால் பாலில்லாமை என்று பொருள். பெயரிலேயே விவசாயியின் கஷ்டம் இருக்கிறது பாருங்கள். இது மாட்டின் மடியை நம்பியே பிழைக்கும் கிருமி. பென்சிலினுக்கு எளிதில் பணியும். 1940-களின் நடுவில் காம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றத் தொடங்கியதும், பண்ணை பண்ணையாக இந்த நோயை விரட்ட முடிந்தது. இனி மடிநோய்க்கு முடிவுதான் என்றுகூடப் பலர் நம்பினார்கள்.

அப்படி நடக்கவில்லை. அந்தக் கிருமி போன இடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் வந்து உட்கார்ந்தது. அது மடியின் ஆழத்தில் கட்டிகட்டியாகக் கோட்டை கட்டிக்கொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேருவது சிரமம். 1960-களில் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் பல பண்ணைகளில் பாடுபட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருந்தால் மட்டும் மடிநோய் போகாது. கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். பால் வற்றவிடும் சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். தீராத மாட்டைக் கழிக்க வேண்டும். கறவை இயந்திரத்தைச் சரியாகப் பராமரிக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் நோய் குறையும் என்று சொன்னார்கள். இன்றும் அதுதான் உண்மை.

உறையாத பால்

இனி இரண்டாவது கேள்வி. மடியில் ஏற்றிய மருந்து எங்கே போகும்? ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூத்திரத்தில் போகும். ஒரு பகுதி பாலோடுதான் வெளியே வரும்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் பாலாடைக்கட்டி செய்பவர்களும் உண்டு. 1940-களின் கடைசியில் சில நாள் அவர்கள் ஊற்றிய உறை வேலை செய்யவில்லை. பால் புளிக்கவில்லை. விசாரித்தால், மருந்து போட்ட மாட்டின் பால் கலந்திருந்தது. தயிர் உறைவதும் பாக்டீரியா செய்கிற வேலைதானே? அதற்கும் டயர் உண்டு. பென்சிலினுக்கு நல்லது கெட்டது தெரியாது. உறைக் கிருமியையும் கொல்லும். நம் வீட்டிலும் மருந்து போட்ட மாட்டுப் பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, காலையில் பார்த்தால் பாலாகவே இருக்கும். அதற்காகத் தயிர் உறைந்துவிட்டால் பாலில் மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. உறையைத் தடுக்காத சிறு அளவும் கெடுதல்தான்.

காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. பாலைக் காய்ச்சுகிற சூட்டில் பென்சிலினில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

சர்வதேச உணவுத் தரப்படி, ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சிலின் இருக்கக் கூடாது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் யூனிட் பென்சிலின் என்பது 60 மில்லிகிராம். அவ்வளவும் பாலில் கலந்தால், சுமார் 15,000 லிட்டர் பாலை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு மாட்டின் ஒருவேளைப் பால், சொசைட்டியில் அத்தனை பேர் ஊற்றிய பாலையும் கெடுக்கப் போதும்.

இதனால் யாருக்கு நஷ்டம்? பென்சிலின் ஒவ்வாத உடம்புக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பாலைக் குடித்து அவர்களுக்கு உடம்பு தடித்து அரிப்பெடுத்ததாக மருத்துவ இதழ்களிலேயே பதிவு இருக்கிறது. குடிக்கிற குழந்தையின் குடலிலும் மருந்துக்குப் பழகிய கிருமி வளர வழி பிறக்கிறது.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு மருந்துச் சட்ட விதிகளைத் திருத்தி, உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுக்கும் மருந்தின் லேபிளில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த மருந்துக்கென்று சோதித்து நிர்ணயித்த நாள் இல்லை என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். அந்த நாள் முடியும்வரை நான்கு காம்பின் பாலையும் தனியே கறந்து கொட்டிவிட வேண்டும். மருந்து ஏற்றிய காம்பை மட்டும் ஒதுக்கினால் போதாது. ரத்தத்தின் வழியாக மற்றக் காம்புகளுக்கும் மருந்து வரும். கன்றுக்கு ஊட்டுவதும் சரியல்ல. அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிட்டவர்கள் ஆவோம்.

பால் கணக்கில் வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு வாரப் பாலைக் கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வயிறு எரியத்தான் செய்யும். அதனால்தான் மருந்து போடும் நிலைக்கே மாட்டை வரவிடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறோம்.

கிருமியின் கத்தரிக்கோல்

மூன்றாவது கேள்வி, போன தடவை கேட்ட மருந்து ஏன் இப்போது கேட்கவில்லை என்பது.

இதற்கான விடை, முதல் மனிதனுக்கு வைத்தியம் செய்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1940 டிசம்பரில் செயினும் அவரோடு வேலை செய்த எட்வர்ட் ஆபிரகாமும், பென்சிலினை அழிக்கிற ஒரு நொதி சில பாக்டீரியாவில் இருக்கிறது என்று எழுதினார்கள். பென்சிலினுக்கு உயிர்நாடி அதன் நடுவில் இருக்கும் ஒரு சிறு வளையம். அந்த வளையத்தை வெட்டும் கத்தரிக்கோல் இந்த நொதி. வெட்டிவிட்டால் மருந்து வெறும் தண்ணீர்தான்.

ஃபிளெமிங்கும் எச்சரித்தார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்ற சமயத்தில் ஆற்றிய உரையில், யார் வேண்டுமானாலும் கடையில் பென்சிலின் வாங்கும் காலம் வரும், அப்போது அறியாதவர்கள் குறைந்த அளவு போட்டு, கிருமிக்குச் சாகாமல் பழகக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்ற கருத்தைச் சொன்னார். அவர் சொன்ன சில வருஷத்திலேயே பலித்தது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் என்ற பெண் டாக்டர் கணக்கெடுத்ததில், நோயாளிகளிடம் கண்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியில் பாதிக்கு மேல் 1948-க்குள் பென்சிலினுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன.

மருந்தைக் குறைத்துப் போட்டால் என்ன நடக்கும்? வலுவில்லாத கிருமிகள் முதலில் சாகும். கத்தரிக்கோல் வைத்திருக்கும் கிருமி பிழைக்கும். அது பெருகும். அரைகுறையாய் அடித்த பாம்பு கதைதான். அடுத்த தடவை நாம் போடும் மருந்தைப் பார்த்து அது சிரிக்கும். ஒரே பூச்சிமருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்து, பூச்சி சாகாமல் போனதை நம் பருத்திக் காட்டில் பார்க்கவில்லையா?

வைத்தியத்துக்கு மட்டுமல்ல, மாடும் கோழியும் சீக்கிரம் கொழுக்கவும் இந்த மருந்துகளைத் தீனியில் கலந்தார்கள். 1960-களில் இங்கிலாந்தில் கன்றுகளிடம் பரவிய, பல மருந்துக்கும் அடங்காத கழிச்சல் கிருமி மனிதர்களையும் தொற்றியது. அரசாங்கம் ஒரு குழு போட்டது. 1969-இல் வெளிவந்த ஸ்வான் குழு அறிக்கை, மனித வைத்தியத்துக்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனியில் கலக்கக் கூடாது என்றது. 1986-இல் ஸ்வீடன் நாடு அந்தப் பழக்கத்தையே தடை செய்தது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது நின்றது. நம் நாட்டில் மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் தடை வந்தது.

நம் கையில் இருப்பது

பெருமக்களே, கதை இதுதான். இனி செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தினமும் முதல் பீச்சுப் பாலை ஒரு கறுப்புத் துணிமேல் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். வீக்கம் கல்லாகும்வரை காத்திருக்காதீர்கள். கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடையுங்கள். கட்டைவிரலை மடித்துக் கறப்பது காம்பை உள்ளே புண்ணாக்கும். முழுக் கையால் கறக்கப் பழகுங்கள். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் காம்பின் துவாரம் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த அரைமணி நேரம் மாடு சாணத்தில் படுக்காதபடி தீனி போட்டு நிற்க வையுங்கள்.

மருந்து போட வேண்டி வந்தால் டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். மாடு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். மீதி மருந்தை அடுத்த மாட்டுக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம். மருந்து போட்ட தேதியைத் தொழுவத்துச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். பால் ஊற்றலாம் என்கிற தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் யார் கறந்தாலும் அது கண்ணில் படும்.

அந்தப் போலீஸ்காரர் செத்த காலத்தில் உலகம் முழுவதையும் துழாவினாலும் ஒருவருக்குப் போதுமான பென்சிலின் கிடைக்கவில்லை. இன்றைக்கு அது நம் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. ஆனால் கிருமிகள் எல்லாம் கத்தரிக்கோலோடு வந்துவிட்டால், அலமாரி நிறைய மருந்து இருந்தும் இல்லாத கதையாகிவிடும். அன்றைக்கு மாட்டுக்கு மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைக்கும் மருந்து இருக்காது. மாட்டையும் பிள்ளையையும் தாக்குவது ஒரே இனக் கிருமி, காப்பதும் ஒரே குடும்பத்து மருந்து. அந்த மருந்தை விதைநெல்லைப் போலப் பொத்திப் பாதுகாப்போம். நம் பேரன் பேத்தி காலத்துக்கும் அது மீதம் இருக்கட்டும்.